காப்பர்-டி போட்டவருக்கு அடிவயிற்றுக் கோளாறு: அறிகுறி வாரியாக ஆக்டினோமைகோசிஸைத் தேடும் வழி

காப்பர்-டி போட்டுக்கொண்ட பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இங்கே சொல்லப்படும் ஆக்டினோமைகோசிஸ் என்ற கிருமித் தொற்று வரவே வராது. வந்துவிட்டால் பாதித் தொல்லை நோயால், மீதிப் பாதி அதை வேறொன்றாக நினைத்து ஓடுவதால். சினைப்பைப் புற்றுநோய் என்று வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையையும் எடுத்தபின், பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஆக்டினோமைகோசிஸ்' என்று வருவது இந்த நோயின் வழக்கமான வரலாறு. அதே பெயரைப் பாப் ஸ்மியரில் (கர்ப்பப்பை வாயில் தடவி எடுக்கும் பரிசோதனை) பார்த்துவிட்டு, ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணின் லூப்பை, அதாவது காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனத்தைக் கழற்றி, மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவது எதிர்ப்பக்கத் தவறு. இரண்டையும் தவிர்க்க முதலில் கேட்க வேண்டியது இதுதான்: உள்ளே லூப் இருக்கிறதா, எத்தனை வருஷமாக இருக்கிறது, இப்போது என்ன தொந்தரவு?

கிருமியின் பெயர் ஆக்டினோமைசிஸ் இஸ்ரேலி. 1878-இல் மனிதர்களிடம் இந்த நோயை விவரித்த பெர்லின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் இஸ்ரேலின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. பெயரின் முன்பாதிக்குக் 'கதிர்ப் பூஞ்சை' என்று பொருள். அந்தக் காலத்தில் பூஞ்சை என்றே நினைத்தார்கள். உண்மையில் இது கிளைவிட்டு இழையாக வளரும் பாக்டீரியா. அதனால் ஃப்ளூகனசோல் போன்ற பூஞ்சை மருந்து எவ்வளவு கொடுத்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் சும்மா குடியிருக்கும் கிருமிதான். ஆக்சிஜன் குறைந்த இடமும், கிழிந்த சளிச்சவ்வும் கிடைத்தால்தான் உள்ளே இறங்கும். பல வருஷம் இருந்த லூப் இந்த இரண்டையும் கொடுக்கிறது: மேலே சுண்ணாம்புப் படிவம் ஏறிச் சொரசொரப்பாகிறது, அதன்மேல் கிருமிப் படலம் படிகிறது, உரசும் இடத்தில் கர்ப்பப்பையின் உள்தோல் புண்ணாகிறது.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். "குடும்பக் கட்டுப்பாடு ஏதாவது செய்திருக்கீங்களா?" என்றால் கருத்தடை ஆபரேஷனை மனதில் வைத்து "இல்லை" என்பார்கள். "உள்ளே காப்பர்-டி, லூப்பு எதாவது இருக்காம்மா? கடைசிக் குழந்தை பிறந்தப்பவே போட்டாங்களா? எடுத்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடும் லூப் பலருக்கு நினைவிலேயே இருக்காது. "அது எப்பவோ விழுந்துடுச்சு" என்பவர்களில் சிலருக்கு எக்ஸ்-ரேயில் அது சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். மாதவிடாய் நின்று பத்து வருஷமான பாட்டியிடமும் கேட்க வேண்டும். இந்தியாவில் 1965-இலிருந்து அரசு திட்டத்தில் போடப்பட்ட லிப்பஸ் லூப் வெறும் பிளாஸ்டிக்; அதற்குக் காலாவதித் தேதியே கிடையாது, எடுக்க வேண்டும் என்று யாரும் நினைவுபடுத்தவும் இல்லை. இப்போதைய காப்பர்-டி 380ஏ-க்குப் பத்து வருஷம், 375-க்கு ஐந்து வருஷம்.

பாப் ஸ்மியரில் 'ஆக்டினோமைசிஸ்' என்று வந்திருக்கிறது. வேறு தொந்தரவு எதுவும் இல்லை

ரிப்போர்ட்டை வரிக்கு வரி படியுங்கள். பெரும்பாலும் 'ஆக்டினோமைசிஸை ஒத்த உருவமுள்ள பாக்டீரியா' என்றுதான் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் நடுவில் கறுத்து, ஓரத்தில் இழை இழையாகப் பிரிந்த பஞ்சு உருண்டை போலத் தெரிந்தது என்பதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தம் இல்லை. யூபாக்டீரியம் நோடேட்டம் என்ற இன்னொரு கிருமியும் லூப் போட்டவர்களிடம் இதே வேஷம் போடும். லூப்புக்கும் ஸ்மியரில் தெரியும் இந்த உருண்டைகளுக்கும் உள்ள உறவை 1976-இல் குப்தாவும் அவருடன் வேலை செய்தவர்களும் எழுதிய பிறகு, ரிப்போர்ட் வந்தாலே லூப்பை எடு என்பது கொஞ்ச காலம் பழக்கமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

இரண்டு கையாலும் உள்பரிசோதனை செய்து பாருங்கள். கர்ப்பப்பை வாயை அசைத்தால் வலி, கர்ப்பப்பையை அழுத்தினால் வலி, பக்கவாட்டில் கட்டி: மூன்றும் இல்லையென்றால் அது குடியேற்றம், அதாவது கிருமி சும்மா தங்கியிருக்கிறது, நோய் ஆகவில்லை. லூப்பை எடுக்க வேண்டாம், மாத்திரை வேண்டாம், ஸ்மியரைத் திரும்ப எடுத்துக் கிருமி போய்விட்டதா என்று பார்ப்பதும் வேண்டாம். அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்ப வேண்டியது: அடிவயிற்று வலி, காரணமில்லாத காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், எடை குறைதல், இதில் எது வந்தாலும் இந்த ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். கெடு தாண்டிய லூப் என்றால் அதைக் கெடுவின் பெயரால் மாற்றுங்கள். ரிப்போர்ட்டின் பெயரால் வேண்டாம்.

போட்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், வலி

இது பெரும்பாலும் ஆக்டினோமைசிஸ் ஆக இருக்காது. அந்தக் கிருமி மெதுவாகத்தான் வளரும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளிலிருந்து 22,908 லூப்களைத் தொகுத்து 1992-இல் வெளிவந்த கணக்கில், இடுப்புக்குழித் தொற்று ஆயிரம் பெண்-வருஷங்களுக்கு 1.6 மட்டுமே. அதிலும் போட்ட முதல் 20 நாளில் ஆறு மடங்குக்கு மேல் அதிகம், பிறகு குறைந்து அப்படியே நின்றுவிடுகிறது. போடும்போது கர்ப்பப்பை வாயிலிருந்த கிருமி மேலே தள்ளப்பட்டதுதான் காரணம். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு வழக்கமான இடுப்புக்குழித் தொற்று மருந்து. லூப்பை உடனே கழற்ற வேண்டியதில்லை. 48 முதல் 72 மணி நேரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

சில மணி நேரத்திலேயே கடுங்காய்ச்சல், தாங்க முடியாத வலி, ரத்த அழுத்தம் சரிவு

இங்கே வீட்டிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, 108-க்குச் சொல்லுங்கள். மூன்று சாத்தியங்கள் ஒரே நேரத்தில் மனதில் இருக்க வேண்டும். லூப் இருந்தும் கர்ப்பம் தரித்திருந்தால் அது சினைக்குழாய்க் கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு கூடுதல், எனவே முதல் பரிசோதனை கர்ப்பத்துக்குத்தான். இரண்டாவது, ஏற்கெனவே இருந்த சீழ்க்கட்டி உடைந்திருக்கலாம். மூன்றாவது அரிது, ஆனால் ஆளைக் கொல்லும்: ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். வயிற்றைத் தொட்டால் அவ்வளவாகக் கல்லென்று இருக்காது, வலி மட்டும் அதற்குப் பொருத்தமில்லாமல் அலறவைக்கும். நாடி ஓடும், குழப்பமான பேச்சு வரும். ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக், சலைன், லூப்பைக் கழற்றுதல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சில மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இந்தக் கிருமி உறுதியானால் பெனிசிலினோடு கிளிண்டமைசினும் சேரும்; பெனிசிலின் கிருமியைக் கொல்ல, கிளிண்டமைசின் அது கக்கும் நச்சை நிறுத்த.

வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும். மருந்து போட்டால் அடங்கி மறுபடி வருகிறது

இந்த இடத்தில்தான் பலர் தவறவிடுகிறார்கள். சுகாதார நிலையத்தில் அடிவயிற்று வலிக்குத் தரும் மஞ்சள் கிட்டில் இருப்பது செஃபிக்ஸிம் 400 மி.கி. ஒரே வேளை; மெட்ரோனிடசோல் 400 மி.கி., டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டும் காலை மாலை 14 நாள். சாதாரணத் தொற்றுக்கு இது சரியான மருந்து. ஆக்டினோமைசிஸ் மேல் மெட்ரோனிடசோலுக்குச் சக்தியே இல்லை. 'காற்றில்லாமல் வாழும் கிருமி என்றால் மெட்ரோனிடசோல்' என்ற மனப்பாடம் இங்கே காலை வாரும். டாக்ஸிசைக்ளின் அதை அமுக்கும். பதினான்கு நாளில் வலி குறையும், அந்த அம்மாவும் நல்லாயிருக்கு என்பார், கட்டிக்குள் இழைகள் உயிரோடு இருக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் அதே வலி. அடுத்த மருத்துவரிடம் சிப்ரோஃப்ளாக்சசின், அதற்கடுத்தவரிடம் ஜென்டாமைசின் ஊசி. இரண்டுமே இந்தக் கிருமியிடம் எடுபடாது. கிளாக்சசிலினும் செஃபலெக்சினும் அப்படித்தான்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: உள்ளே லூப், முறையாக 14 நாள் மருந்து முடித்தாயிற்று, இருந்தும் மூன்று மாதத்துக்குள் அதே தொல்லை என்றால் இன்னொரு கோர்ஸ் எழுதாதீர்கள். கணவருக்குச் சிகிச்சை கொடுக்கப்பட்டதா, கிளமிடியா, கொனோரியா பார்த்தாயிற்றா என்பதைச் சரிபார்த்துவிட்டு, ஸ்கேன் எடுத்து, ஹீமோகுளோபின், வெள்ளணு, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பாருங்கள். நாள்பட்ட ஆக்டினோமைகோசிஸில் ரத்தசோகையும் உயர்ந்த இ.எஸ்.ஆரும் சேர்ந்து வருவது வழக்கம். காய்ச்சல் இல்லை என்பதை வைத்து எதையும் விலக்க முடியாது. பலருக்கு மாலையில் லேசான உடம்புச் சூடு மட்டும், சிலருக்கு அதுவும் இல்லை. பிறகு லூப்பைக் கழற்றித் திசுவும் சீழும் எடுத்தனுப்புங்கள். எப்படி என்பது கீழே.

எடை குறைகிறது, வயிற்றில் கட்டி, ஸ்கேனில் 'புற்றுநோய் சந்தேகம்'

நாற்பது வயதைத் தாண்டிய பெண், சில மாதங்களில் ஆறேழு கிலோ குறைந்திருக்கிறார், பசியில்லை, அடிவயிற்றில் அசையாத கடினமான கட்டி, சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் ரத்தக் குறியீடான சி.ஏ. 125 கூடியிருக்கிறது. யாராக இருந்தாலும் சினைப்பைப் புற்றுநோயைத்தான் முதலில் எழுதுவார்கள். அதைத் தேடுவதும் தப்பில்லை. ஸ்கேன் படத்தின் நடுவில் காப்பர்-டி வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த வரி முதல் பக்கத்துக்கு வர வேண்டும்.

சி.ஏ. 125 இங்கே நடுவராக இருக்க முடியாது. ஆக்டினோமைகோசிஸ், காசநோய், எண்டோமெட்ரியோசிஸ் எல்லாவற்றிலும் அது ஓரளவு ஏறும். சிடி படம் கூடுதலாகப் பேசும். ஆக்டினோமைசிஸ் உறுப்புகளின் எல்லையை மதிக்காது. சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை, வயிற்றுச் சுவர் என்று கொழுப்பைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும். திடமான கட்டி மருந்தேற்றியபின் நன்றாக ஒளிரும், அதற்குள் விளிம்பு ஒளிரும் சின்னச் சின்னச் சீழ்ப்பைகள் இருக்கும். இவ்வளவு பரவியும் வயிற்றில் நீர் கொஞ்சம்தான், நெறிக்கட்டிகள் பெரிதாக வீங்கியிருக்காது. இந்தப் பொருத்தமின்மை தான் துப்பு: பரவல் நான்காம் கட்டப் புற்றுநோய் மாதிரி, நீரும் நெறிக்கட்டியும் இல்லை, ரத்தத்தில் வெள்ளணு கூடி சி.ஆர்.பி. உச்சத்தில் நிற்கிறது.

நம் ஊரில் காசநோயைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இடுப்புக்குழிக் காசநோயும் எடையைக் குறைத்து, கட்டி வைத்து, சி.ஏ. 125-ஐ ஏற்றும். அதில் வயிற்று நீர் அதிகம், மாதவிடாய் குறைந்து போவதும் குழந்தையின்மையும் முன்கதையாக இருக்கும். ஆனால் ஊகத்தை வைத்து ஆறு மாத காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவது மோசமான முடிவு. திசுவை எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒன்றை சிபிநாட் என்ற காசநோய்க் கிருமிப் பரிசோதனைக்கும் மற்றதை ஆக்டினோமைசிஸுக்கும் அனுப்புங்கள்.

ஆபரேஷனுக்கு முன் சிடி அல்லது ஸ்கேன் வழிகாட்டுதலில் ஊசிப் பயாப்ஸி முடியுமா என்று புற்றுநோய் மருத்துவரோடும் ரேடியாலஜிஸ்டோடும் பேசுங்கள். சினைப்பைக்குள் மட்டும் நிற்கும் கட்டியைக் குத்துவதில் புற்றுநோய் சிந்திவிடும் என்ற பயம் நியாயமானது; எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டு பரவிய கட்டியில் ஆதாயம் பெரிது. வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் திறந்ததும் ஃப்ரோசன் செக்ஷன் (திசுவை உறையவைத்து உடனே பார்க்கும் பரிசோதனை) அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். உள்ளே எல்லாம் மரக்கட்டை மாதிரி ஒட்டி இறுகியிருக்கும். அதைப் பிரிக்கப் போனால் குடலோ சிறுநீர்க் குழாயோ கிழியும். 'தொற்று, புற்றணு இல்லை' என்று பதில் வந்தால் சீழை வடித்து, திசு எடுத்து, மூடிவிட்டு மருந்தைத் தொடங்குவது பல நேரம் புத்திசாலித்தனம். மலைபோல இருந்த கட்டி மாதக்கணக்கான பெனிசிலினில் கரைவதை அடுத்தடுத்த சிடியில் பார்க்கலாம்.

புதிதாக மலச்சிக்கல், இடுப்பின் ஒரு பக்கம் வலி, தொப்புளுக்குக் கீழே ஆறாத புண்

மூன்றும் ஒரே கட்டி மூன்று பக்கம் போனதன் விளைவு. பெருங்குடலின் கடைசிப் பகுதியை வெளியிலிருந்து நெரித்தால் மலம் நாடா மாதிரி மெலியும். கொலனோஸ்கோப்பியில் உள்தோல் நன்றாக இருக்கும், குழாய் மட்டும் குறுகியிருக்கும். அங்கே எடுத்த பயாப்ஸியில் ஒன்றும் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். சிறுநீர்க் குழாயை நெரித்தால் அந்தப் பக்கச் சிறுநீரகம் வீங்கும். வலியே இல்லாமலும் வீங்கலாம், எனவே கட்டி தெரிந்த எல்லோருக்கும் கிரியேட்டினினும் சிறுநீரக ஸ்கேனும் உண்டு. இரு பக்கமும் அடைத்துக் கிரியேட்டினின் ஏறினால் மருந்து வேலை செய்யும்வரை பொறுக்க முடியாது, சிறுநீர்க் குழாய்க்குள் வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் அல்லது சிறுநீரகத்துக்கு முதுகு வழிக் குழாய் போட்டாக வேண்டும்.

வயிற்றுத் தோலில் புண் ஆறாமல் கசிந்தால், கசிவைக் கட்டுத் துணியில் தேடுங்கள். மஞ்சளாக, மணல் பருமனில், ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ துகள்கள் கிடைக்கலாம். கந்தகத் துகள் என்று பெயர். நிறத்தால் வந்த பெயர், கந்தகம் எதுவும் கிடையாது. ஒன்றை எடுத்து இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவே நசுக்கி கிராம் சாயம் போட்டால், நீலமாகக் கிளைவிட்ட இழைகள் அன்று மாலைக்குள் பதில் சொல்லிவிடும். முதல் நாள் சுற்றிய கட்டுத் துணியைத் தூக்கிப் போடுவதற்கு முன் பார்ப்பது நர்ஸின் கையில் இருக்கிறது.

லூப்பின் நூலைக் காணோம்

கர்ப்பப் பரிசோதனை, ஸ்கேன், ஸ்கேனில் தெரியாவிட்டால் வயிறும் இடுப்பும் சேர்த்து எக்ஸ்-ரே. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எக்ஸ்-ரேயிலும் இல்லையென்றால்தான் விழுந்துவிட்டது என்று எழுதலாம். பிரசவத்தோடு போட்டதில் நூல் உள்ளேயே சுருண்டிருப்பது சாதாரணம். கழற்றிய பிறகு மாதங்கள் கழித்தும் ஆக்டினோமைகோசிஸ் தலைகாட்டியிருக்கிறது. "எடுத்தாச்சு" என்ற பதிலோடு சந்தேகத்தை மூடிவிட வேண்டாம்.

கழற்றுவதும் லேபுக்கு அனுப்புவதும்

ஆள் தளர்ந்திருந்தால் ஆன்டிபயாடிக் முதலில், கழற்றல் பிறகு. நிதானமாக இருந்தால் மாதிரி எடுத்து, கழற்றி, அப்புறம் மருந்து. கடந்த ஏழு நாளில் உடலுறவு இருந்ததா என்று கேட்டுவிடுங்கள். இருந்திருந்தால் கழற்றிய பின் கர்ப்பத்துக்கு வாய்ப்புண்டு, அவசரக் கருத்தடை மாத்திரை பற்றிப் பேச வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் சுருங்கியிருக்கும். நூலைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுத்தால் நூல் அறுந்து உள்ளே நின்றுவிடும். மரப்பு ஊசி போட்டு, வாயைச் சற்று விரித்து, தேவைப்பட்டால் ஹிஸ்டிரோஸ்கோப்பில் (கர்ப்பப்பைக்குள் பார்க்கும் கருவி) எடுங்கள்.

வெளியே வந்த லூப்பைக் கையுறையில் வைத்து வேடிக்கை பார்க்காமல், நூலைக் கத்தரித்து ஒதுக்கிவிடுங்கள். அது பெண்ணுறுப்புக் கிருமியால் நிறைந்தது. உடல் பகுதியைக் கிருமி நீக்கிய டப்பாவில், முடிந்தால் காற்றில்லாக் கிருமியைக் காப்பாற்றும் தையோகிளைக்கோலேட் திரவத்திலோ ராபர்ட்சன் இறைச்சி ஊடகத்திலோ போடுங்கள். ஃபார்மலினில் போட்டால் கிருமி அங்கேயே செத்துவிடும். பயாப்ஸிக்கு ஒரு துண்டு ஃபார்மலினில், கல்ச்சருக்கு ஒரு துண்டு ஃபார்மலின் இல்லாமல். ஆபரேஷன் தியேட்டரில் பழக்க தோஷத்தில் இரண்டும் ஒரே ஃபார்மலின் டப்பாவில் போவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. சீழ் என்றால் பஞ்சுக் குச்சி வேண்டாம்: சிரிஞ்சில் உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வைக்காமல் உடனே அனுப்புங்கள்.

சீட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். 'சீழ், கல்ச்சர்' என்று மட்டும் எழுதினால் லேப் சில நாளில் தட்டைக் கழுவிவிடும். 'லூப் 12 வருஷம், ஆக்டினோமைசிஸ் சந்தேகம், காற்றில்லா முறையில் 21 நாள் வைக்கவும், இதுவரை கொடுத்த ஆன்டிபயாடிக்: இது, இது' என்று எழுதுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பு மாதிரி மேடு பள்ளமான குடியிருப்புகள் தட்டில் தெரியும்.

கல்ச்சரில் எதுவும் வளரவில்லை

வளராமல் போவதே அதிகம். முன்பே மாத்திரை சாப்பிட்டிருந்தால் இன்னும் மோசம். ஈ கோலை போன்ற துணைக் கிருமி மட்டும் வளர்ந்து, அதற்கு மருந்து கொடுத்துத் திருப்திப்பட்டுக்கொள்வதும் நடக்கும். இங்கே பயாப்ஸியின் சாட்சிதான் பெரியது. கிராம், க்ரோகாட் இரண்டு சாயமும் போடச் சொல்லுங்கள். இழையே இல்லாமல் கதிர் மாதிரி மட்டும் தெரியும் போலித் துகள்கள் லூப் போட்டவர்களின் கர்ப்பப்பைத் திசுவில் வருவதுண்டு. அவற்றில் கிராம் சாயத்துக்கு இழை காட்டாது. நோகார்டியா குழப்பினால் அமிலச் சாயத்தின் மிதமான முறை பிரித்துக் காட்டும்: நோகார்டியா சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆக்டினோமைசிஸ் விட்டுவிடும்.

எதிர்த் திசையிலும் ஒரு எச்சரிக்கை. கழற்றிய லூப்பில் மட்டும் ஆக்டினோமைசிஸ் வளர்ந்து, நோயாளிக்கு ஒரு தொந்தரவும் இல்லையென்றால் அது பழைய குடியேற்றம்தான். திசுவும் அறிகுறியும் சேராமல் ஒரு வருஷ மருந்து தொடங்காதீர்கள்.

மருந்து: எவ்வளவு, எத்தனை நாள்

பரவிய நோய்க்குப் பெனிசிலின் ஜி, நாளொன்றுக்கு 180 முதல் 240 லட்சம் யூனிட் நரம்பு வழியாக, அதாவது நான்கு மணிக்கொரு முறை 30 முதல் 40 லட்சம். இரண்டு முதல் ஆறு வாரம். வேண்டியது கிரிஸ்டலின் பெனிசிலின். மூன்று வாரத்துக்கொரு முறை இடுப்பில் போடும் பென்சத்தைன் பெனிசிலின் ரத்தத்தில் மிகக் குறைந்த அளவே தரும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் மருந்துச் சீட்டில் முழுப் பெயரையும் எழுதுங்கள். இத்தனை பெனிசிலினோடு சோடியமோ பொட்டாசியமோ கணிசமாக உள்ளே போகும். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு உப்புக்களை வாரம் இருமுறையாவது பாருங்கள், கிரியேட்டினின் ஏறினால் அளவைக் குறையுங்கள். கை நரம்பு சில நாளில் வீங்கிவிடும், பிக் லைன் (கை வழியாகப் பெரிய நரம்புவரை போகும் நீளக் குழாய்) போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நான்கு மணிக்கொரு ஊசி நடக்காத இடத்தில் தினம் ஒரு முறை செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் கைகொடுக்கும்.

அதன் பிறகு வாய்வழி அமாக்சிசிலின், 500 முதல் 1000 மி.கி. வரை மூன்று வேளை, ஆறு முதல் பன்னிரண்டு மாதம். இவ்வளவு நீளம் ஏன்? கட்டியைச் சுற்றி நார்த்திசு இறுகியிருக்கும், ரத்த ஓட்டம் குறைவு, மருந்து சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். அறுவையில் நோயுள்ள பகுதி முழுக்க எடுக்கப்பட்டிருந்தாலோ, கர்ப்பப்பையைத் தாண்டாத லேசான நோய் என்றாலோ காலத்தைச் சுருக்கலாம்; சிடியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது. சீழில் துணைக் கிருமிகளும் இருந்தால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் பொருத்தம். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை மாலை, கர்ப்பிணிக்கு வேண்டாம். ஒவ்வாமை என்பது சிறுவயதில் மாத்திரை சாப்பிட்டு வாந்தி வந்ததா, உடம்பு தடித்து மூச்சு முட்டியதா என்று பிரித்துக் கேளுங்கள். முதலாவதுக்காகப் பெனிசிலினை இழக்க வேண்டாம்.

இரண்டு மூன்று வாரத்தில் வலி குறைந்து, பசி எடுத்து, சி.ஆர்.பி. இறங்கத் தொடங்கும். எடை ஏறுவது நல்ல அளவுகோல். வீட்டில் வாரம் ஒரு முறை குறித்து வரச் சொல்லுங்கள். நான்கு வாரத்தில் ஒன்றுமே அசையவில்லையென்றால் வடிக்காத சீழ்ப்பை இருக்கிறதா, உள்ளே லூப்பின் துண்டு தங்கிவிட்டதா, கட்டிக்குப் பக்கத்தில் உண்மையிலேயே புற்றுநோயும் இருக்கிறதா என்று இதே வரிசையில் தேடுங்கள். மூன்றாம் மாதம் பெரும்பாலோர் நன்றாக ஆகிவிடுவார்கள். அவர்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுவதும் அந்த மாதத்தில்தான். நல்லா இருக்கும்போது எதற்கு மூன்று வேளை மாத்திரை என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள். மறு மாத மருந்து வாங்க வரவில்லையென்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள்.

சிகிச்சை நடக்கும் காலத்தில் புதிய லூப் வேண்டாம்; ஆணுறையோ, பொருத்தமானால் மாத்திரையோ ஊசியோ போதும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, ஐம்பது தாண்டியவர் என்றால் கடைசித் தீட்டுக்கு ஒரு வருஷம் கழித்து, அதற்கு முன்பே நின்றவர் என்றால் இரண்டு வருஷம் கழித்து, உள்ளே இருக்கும் லூப்பை எடுத்துவிட வேண்டும். லூப் போடும் அன்றைக்கே அதற்கான அட்டையில் எடுக்க வேண்டிய வருஷத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பின் போட்டுக் கொடுங்கள். தடுப்பூசி அட்டையை யாரும் தொலைப்பதில்லை.